இறக்கத்தில் தெரியும் வண்டி: கொல்லிமலையும் பழைய டூ-ஸ்ட்ரோக் பராமரிப்பும்

நாமக்கல் மாவட்டத்தின் காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு வரை கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வார இறுதிகளில் இந்தப் பாதைக்கு வரும் இருசக்கர வண்டிகளில் ஒரு பகுதி, உற்பத்தி நின்று இருபது முப்பது ஆண்டுகள் ஆனவை. யமஹா ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, சுசுகி சாமுராய், ஷோகன், மைசூரில் செய்த யெஸ்டி, எப்போதாவது ஒரு ராஜ்தூத். சேலம், ஈரோடு, திருச்சி என்று பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் இவற்றில் ஏறி வருகிறார்கள். மேலே, கொல்லிமலை ஊராட்சிகளில் ஒன்றான பைல் நாடு போன்ற இடங்களில், அதே டூ-ஸ்ட்ரோக் குடும்பத்தைச் சேர்ந்த டிவிஎஸ் 50-உம் எக்ஸ்எல் சூப்பரும் வாழைத்தாரும் பலாப்பழமும் மிளகு மூட்டையும் சுமந்தே வயதானவை. ஊர் சுற்ற வருபவருக்கு அது ஆசை. மலைவாசிக்கு அது பிழைப்பு. இரண்டு பேருக்கும் முன்னால் நிற்கும் சிக்கல் மட்டும் ஒன்றே: நிறுவனம் கைவிட்ட ஓர் இயந்திரத்தை எதுவரை ஓட்டலாம், எதைப் பழுது பார்க்கலாம், எதற்குமேல் விட்டுவிட வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியைப் பற்றிய நம் பேச்சு முழுக்க ஏற்றத்தைப் பற்றியதாக இருக்கிறது: எத்தனை பேரோடு ஏறியது, எந்த கியரில் ஏறியது, எந்தப் புது வண்டியை முந்தியது. பராமரிப்புச் செலவும் அந்தப் பேச்சின் வழியே போகிறது. போர்ட் தேய்ப்பது, சைலன்சர் மாற்றுவது, பெயிண்ட், குரோம். மலையில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். வண்டி பத்திரமாக இறங்குவதற்குத் தேவையானவை முதலில். மற்றவை காசு மிஞ்சினால்.

ஏன் என்பதற்கு இன்ஜினின் உள்ளே போக வேண்டும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் உள்ளதுபோன்ற வால்வுகள் இல்லை, அடியில் எண்ணெய்த் தொட்டி இல்லை. பிஸ்டன் மேலே போகும்போது கிராங்க் அறைக்குள் பெட்ரோலும் காற்றும் இழுக்கப்படுகின்றன. கீழே வரும்போது அந்தக் கலவை சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டன் சுவருக்கும் உயவு அந்தக் கலவையோடு வரும் எண்ணெய் மட்டும்தான். ஒருமுறை தொட்டுவிட்டு எரிந்து புகையாகப் போய்விடும். டிவிஎஸ் 50 போன்ற வண்டிகளில் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம். 2 சதவீதம் வழக்கமான அளவு. ஆர்எக்ஸ் 100-இல் தனித் தொட்டியும் சின்ன பம்பும் உண்டு. ஆக்சிலரேட்டரை எவ்வளவு திருகுகிறோம், இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற இரண்டையும் பொறுத்து அந்தப் பம்ப் எண்ணெய் விடும்.

இப்போது சோளக்காட்டிலிருந்து கீழே இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் முழுக்க மூடியிருக்கிறது. வண்டியின் எடை பின்சக்கரத்தின் வழியாக இன்ஜினைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. சுழற்சி அதிகம், உள்ளே வரும் பெட்ரோலோ சொட்டு சொட்டாக, எண்ணெயும் அப்படியே. பெட்ரோலோடு எண்ணெய் கலந்த வண்டியில் நிலைமை இன்னும் மோசம். இப்படிப் பல கிலோமீட்டர் போனால் பிஸ்டன் காய்ந்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான். பின்சக்கரம் பூட்டிக்கொள்கிறது. சமவெளியில் கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டிவிடலாம். கொண்டை ஊசி வளைவின் நடுவில் அதற்குக் கிடைப்பது ஓரிரு நொடிகள்.

ஏற்றத்தில் இன்ஜின் கெட்டால் முன்கூட்டியே சொல்லிவிடும். சூடேறி இழுவை குறையும், சத்தம் மாறும், நிறுத்தி ஆறவிட நேரமிருக்கும். இறக்கத்தில் அது எதையும் சொல்வதில்லை. அதனால்தான் பழைய ஓட்டுநர்கள் இறங்கும்போது நடுநடுவே லேசாக ஆக்சிலரேட்டரைத் திருகிக் கொடுப்பார்கள். பழக்க தோஷம் போலத் தெரியும் அந்தத் திருகல்தான் பிஸ்டனுக்குப் போகும் எண்ணெய். பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்கள் பிஸ்டனைக் காப்பாற்றுகிறார்கள், உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

ஏனென்றால் அடுத்த சுமை பிரேக் மேல் விழுகிறது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதில் ஃபோர்-ஸ்ட்ரோக்கை விட மிகவும் பலவீனமானது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டி ஏறத்தாழ 100 கிலோ, மேலே இரண்டு பேர் 130 கிலோ. இந்த 230 கிலோ ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏழு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. காற்றும் டயரும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதும் இரண்டு சின்ன டிரம்களுக்குள் வெப்பமாகச் சேர வேண்டும். ஆர்எக்ஸ் 100 வரும்போதே முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். டிரம் சூடேறி விரிந்தால் ஷூவிலிருந்து விலகும். ஷூவின் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்து வழுக்கும். லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். இதற்கு மெக்கானிக் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் சரிபார்ப்பது, ஷூவைத் தேய்த்துப் பளபளப்பை எடுப்பது, கேமுக்கு மெல்லியதாக கிரீஸ் வைப்பது, பிரேக் பிடித்த நிலையில் கேமின் கையும் கேபிளும் செங்கோணத்துக்கு அருகில் நிற்கும்படி அமைப்பது, கேபிளை மாற்றுவது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு: பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூளை வாயால் ஊதவோ கம்ப்ரசரால் அடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பிற்கால மாடல்களின் டிஸ்க் பிரேக்கை முன்சக்கரத்தில் பொருத்துகிறார்கள் சிலர். அசல் தன்மை கெட்டுவிட்டது என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்காட்சியில் நிற்கும் வண்டிக்கு அசல் தன்மை போதும். மலை ஏறி இறங்கும் வண்டிக்கு, முறையாக, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி கேட்டுச் செய்யப்பட்ட நல்ல பிரேக் அதைவிட மேல்.

இந்த இன்ஜின் குடும்பத்துக்கு உலகின் மறுகோடியிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1934 குளிர்காலத்தில் ஜோசப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் தன் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தார். பாதைகள் பனியால் அடைபட்டுக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. பனியில் ஓடும் வண்டிக்கான அவருடைய சக்கரப்பட்டை அமைப்புக்கு 1937-இல் காப்புரிமை கிடைத்தது. 1959-இல் அவருடைய நிறுவனம் ஸ்கி-டூ என்ற சின்ன வண்டியை விற்பனைக்கு விட்டது. தேவைக்காகப் பிறந்த இயந்திரம் சில ஆண்டுகளிலேயே பொழுதுபோக்கு வண்டியாகிவிட்டது. யமஹா 1968-இல் எஸ்எல்350 என்ற பனிவண்டியோடு அந்தச் சந்தைக்குள் வந்தது. 2025 மாடலோடு நிறுத்திக்கொள்வதாக 2023-இல் அறிவித்தது. நம் நாட்டில் குல்மார்க்கிலும் மணாலியிலும் சுற்றுலாப் பயணிகள் ஏறிச் சுற்றுவது இந்த வகை வண்டிகளில்தான். 1970-களின் பனிவண்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், கேபிளால் தூக்கப்படும் கார்புரேட்டர், ரப்பர் சீல்கள், அழுத்தித் திணித்த கிராங்க். நம் ஆர்எக்ஸின் நோய்கள் எல்லாம் அதற்கும் உண்டு.

கார்புரேட்டர் விஷயத்தில் மட்டும் இரண்டும் நேரெதிர். மைனஸ் 20 டிகிரியில் காற்று, நம் 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் அடர்த்தி கொண்டது. அங்கே கலவையில் காற்று மிகுந்து, பெட்ரோல் போதாமல், பிஸ்டன் உருகும். அதனால் பெரிய ஜெட் போடுகிறார்கள். கொல்லிமலை மேலே 1,200 மீட்டரில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அதே ஜெட் விடும் பெட்ரோல் இங்கே அதிகம். பிளக் கரி பிடிக்கிறது, இழுவை மந்தமாகிறது, வண்டி ஃபோர்-ஸ்ட்ரோக் ஓடுவதுபோல் திணறுகிறது. மேலேயே குடியிருக்கும் வண்டிக்கு மெயின் ஜெட்டை ஓரிரு எண் குறைத்து, நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே போட்டு நீடிலை இறக்கிவைத்தால் சரியாகிவிடும். காலையில் நாமக்கல் வெயிலில் கிளம்பி மதியம் மலை மேல் செம்மேட்டில் நின்று மாலையில் திரும்பும் வண்டிக்கு அப்படிச் செய்யவே கூடாது. மலைக்கென்று மெலிய வைத்த கலவையோடு சமவெளி நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் போனால் பிஸ்டனில் ஓட்டை விழும். மேலே கொஞ்சம் மந்தமாக ஏறுவதைப் பொறுத்துக்கொள்வதே அதை ஓட்டுபவருக்கு லாபம்.

இதில் இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை சில சதவீதம் மெலிகிறது. மலை மேலே பெட்ரோல் மிகுவதால் அது ஓரளவு ஈடாகிவிடும். சமவெளியில்தான் ஆபத்து கூடுகிறது. அதைவிட முக்கியம், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கொல்லிமலையில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழி மூடுபனியிலும் இரண்டு மாதம் நிறுத்திவைத்த வண்டியின் தொட்டியில் நீர் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். 1980-களின் ரப்பர்க் குழாய்களும் ஃப்ளோட் அறை வாஷர்களும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உப்பும், பிசுபிசுக்கும், உதிரும். பெட்ரோல் குழாயை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது, ஓட்டாத காலத்தில் ஃப்ளோட் அறையைத் திறந்து வடித்துவிடுவது, நாள்பட்ட பாட்டில் பெட்ரோலை ஊற்றாமல் இருப்பது ஆகிய மூன்றும் அதிகச் செலவில்லாத மருந்துகள். பனிநாட்டில் கோடைக்கு வண்டியை ஏறக்கட்டும்போது செய்வதை நாம் மழைக்காலத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேறொன்றும் உண்டு, அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். கிராங்கின் இரண்டு பக்கமும் ஆயில் சீல்கள் இருக்கின்றன. வயதானால் ரப்பர் காய்ந்து விறைக்கும். மேக்னட் பக்கச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை மெலிந்து, ஐடிலிங் தானாக ஏறும், கடைசியில் சீஸ். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை கக்கும், கியர் பெட்டி காலியாகும். நம் பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? சீஸ் ஆன வண்டி வருகிறது. சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பி, கால் மில்லி கூட்டி போர் போட்டு, புதுப் பிஸ்டன் மாட்டி அனுப்புகிறார்கள். சீல் பார்க்கப்படவில்லை. புதுப் பிஸ்டனும் அதே காரணத்தால் பிடித்துக்கொள்கிறது. மறுபடி போர். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு முறை போனால் சிலிண்டர் முடிந்தது. வண்டியின் ஆயுள் அந்த நாலு படிகளில்தான் இருக்கிறது; காரணம் தெரியாமல் ஒரு படியைச் செலவழிப்பது அநியாயம்.

பழைய பனிவண்டி வைத்திருப்பவர்கள் போர் போடும் முன் செய்யும் சோதனை எளிமையானது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் கட்டையால் அடைக்கிறார்கள். சின்னக் கைப்பம்பால் இன்ஜினுக்குள் ஐந்தாறு பிஎஸ்ஐ காற்று ஏற்றுகிறார்கள். சில நிமிடங்கள் அழுத்தம் நின்றால் சீல் நலம். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கிறார்கள். இதற்கு வேண்டியவை ஒரு பம்ப், ஒரு மீட்டர், இரண்டு கட்டைகள். லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன நாமக்கல்லிலும், ரிக் வண்டிகளை நாடெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டிலும் இதைச் செய்துகொடுக்கத் தெரியாத லேத் இருக்க முடியாது. ஒவ்வொரு டூ-ஸ்ட்ரோக் பட்டறையிலும் இது தொங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

உதிரி பாகம் பெரிய தலைவலி. ஆர்எக்ஸ் 100-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985-இலிருந்து 1996 வரை தயாரித்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன். அந்தக் காலத்து அசல் பாகம் இன்று மூடிய பெட்டியில் கிடைத்தால் தங்கம் மாதிரி பேசுகிறார்கள். நன்றாகப் புதுப்பித்த வண்டிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிக் கேட்கிறார்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் பலதும் அகப்படும். அகப்படுவது நல்லதா என்பது வேறு. போலிப் பிஸ்டன் ரிங்கின் விலை குறைவு. அது சிலிண்டரில் போட்டு வைக்கும் கோடுகளின் விலை அதிகம். தோற்றத்துக்கான பாகங்களில் மாற்றுப் பொருள் போடுவதில் தவறில்லை. இன்ஜினுக்குள் போகும் பிஸ்டன், ரிங், பேரிங், சீல் நான்கிலும், பிரேக் ஷூவிலும் பெயர் தெரியாத பொருளைத் தொடக் கூடாது. விலை ஏறியதால் இந்த வண்டிகள் அதிகம் திருடப்படுகின்றன. வாங்குபவர் ஆர்சி புத்தகத்தோடு சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஒத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பழைய இன்ஜின் பாகம் வாங்கினாலும் ரசீது கேட்பது நல்லது.

சட்டத்தின் நிலைமை சுருக்கமாக: தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. இருசக்கர வண்டியின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாய். 2021-இல் வந்த பழம்பெரும் வண்டிகளுக்கான விதி 50 ஆண்டு கடந்தவற்றுக்கு மட்டும். அன்றாட ஓட்டத்துக்கு அது அனுமதி தராது. ஆர்எக்ஸ் அந்த வயதை எட்டவில்லை. பைல் நாட்டில் மிளகு சுமக்கும் எக்ஸ்எல்லும் மதுரையில் மெருகேற்றி நிறுத்திய ஆர்எக்ஸும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். வருமானத்துக்காக ஓடும் மலைவாசியின் வண்டிக்கும் ஆசைக்கு வைத்திருப்பவரின் வண்டிக்கும் ஒரே கட்டணம் என்பதை நியாயமென்று என்னால் சொல்ல முடியவில்லை.

புகையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் உள்ளே வரும் புதுக் கலவையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மாசு விதிகள் இறுகியதில் இந்த வகை சாலையிலிருந்து விலக்கப்பட்டதற்கு இதுவே காரணம், அது சரியான காரணமும்கூட. எனவே புதிதாக நிறைய பேர் இவற்றை வாங்கி ஓட்ட வேண்டும் என்று நான் எழுதவில்லை. இருப்பவற்றைக் குறைந்த புகையோடு ஓட்டலாம். ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி தரமுள்ள 2டி எண்ணெய் புகையைக் கணிசமாகக் குறைக்கும். எண்ணெய் பம்பின் கேபிளைப் பம்பில் உள்ள குறிக்கு ஏற்பச் சரிசெய்தால் வீணாகப் போவது நிற்கும். பம்பைக் கழற்றிவிட்டு, பயத்தில் இரண்டு மடங்கு எண்ணெய் கலந்து ஊற்றுவது பரவலாகிவிட்டது; அது பிஸ்டனைக் காப்பாற்றுவதைவிட சைலன்சரைக் கரியால் அடைப்பதில்தான் முடிகிறது. சைலன்சரின் உட்குழாயைக் கழற்றிக் கரி எடுப்பது பழைய வழக்கம், அதை விட்டுவிடக் கூடாது. உட்குழாயையே தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுவது வேறு விஷயம். அந்த அலறல் காட்டையும் ஊரையும் கிழிக்கிறது, சட்டவிரோதம், இன்ஜினின் பின்னழுத்தமும் கெட்டுப்போகிறது. ஆடிப் பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் ஏறும் நாட்களில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மலைமக்கள் எதைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று.

கடைசியாகக் கைகள். கிராங்கைப் பிரித்துப் புதுக் கனெக்டிங் ராட் போட்டு, அழுத்தித் திணித்து, டயல் மீட்டர் வைத்து நேர்பார்க்கும் வேலை தெரிந்த லேத்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். புது வண்டிகளின் பழுதை ஸ்கேனர் சொல்லிவிடுவதால், பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் கண் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. காபிப்பொடி நிறம் நலம், வெள்ளை ஆபத்து, ஈரக் கறுப்பு வீண் செலவு: இது பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கக் கூடியது, ஆனால் யாரும் எழுதி வைக்கவில்லை. கொல்லிமலையில் பழங்குடி மாணவர்களுக்கான அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு பருவம், மலைக்கு ஏற்ற பிரேக் வேலையையும் சீல் சோதனையையும் கிராங்க் நேர்பார்ப்பதையும் பழைய வண்டிகளிலேயே கற்றுக்கொடுக்கலாம். பைல் நாட்டுக்காரர் பிரேக் ஷூ மாற்றுவதற்கு அதே தேய்ந்த ஷூவோடு 70 வளைவு இறங்கி அடிவாரம் போக வேண்டியிருக்கக் கூடாது. டிரம் வேலையும் கேபிளும் ஷூவும் மலை மேலேயே கிடைக்க வேண்டும். போர் போடுவதும் கிராங்கும் நாமக்கல்லுக்குப் போகட்டும், அவை லாரியில் ஏற்றி அனுப்பக்கூடிய வேலைகள்.